ஐபி முகவரியை வைத்து ஆளை எடைபோடும் இணையதளங்கள்

விபிஎன் (நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) போட்டுக்கொண்டு இணையத்தில் உலவுபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. நேற்றுவரை திறந்த தளம் இன்று 'அணுகல் மறுக்கப்பட்டது' என்கிறது. இல்லையென்றால் போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதை முடித்தால் மிதிவண்டி, அதையும் முடித்தால் படிக்கட்டு. சில தளங்கள் மறுப்பதைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று மட்டும் வரும். விபிஎன்னை அணைத்துவிட்டுப் போனால் அதே பக்கம் ஒரு தகராறும் இல்லாமல் திறக்கும். ஆள் அதே ஆள், கணினி அதே கணினி, கடவுச்சொல்லும் அதேதான். மாறியது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண் மட்டும்.

அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்மானிக்கும் வழக்கம் எப்படி வந்தது, அது யாரைப் பிடிக்கிறது, யாரைத் தப்பவிடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

தளத்துக்கு எப்படித் தெரிகிறது?

விபிஎன் போட்டவுடன் நம் கோரிக்கைகள் எல்லாம் வேறொரு சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் தளத்துக்குப் போகின்றன. தளத்தின் கண்ணில் படுவது அந்த சர்வரின் முகவரி. அந்த சர்வர் பெரும்பாலும் யார் வீட்டிலும் இருக்காது. இடத்தை வாடகைக்கு விடும் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும். எந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பது ரகசியம் கிடையாது. உலகம் முழுக்க முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் 5 மண்டலப் பதிவகங்களின் ஏடுகளை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். ஆக, வந்தது வீட்டு இணைப்பா, மொபைல் இணைப்பா, டேட்டா சென்டரா என்று பார்த்துவிட ஒரு கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. கட்டுரை படிக்க வருகிறவருக்கு டேட்டா சென்டரில் என்ன வேலை என்ற சந்தேகத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது.

அதற்குமேல் வணிகப் பட்டியல்கள் இருக்கின்றன. சில நிறுவனங்களுக்கு இதுவே முழுநேரத் தொழில். எந்தெந்த முகவரி எந்த விபிஎன் சேவைக்கு உரியது, எதிலிருந்து எப்போது ஸ்பேம் வந்தது என்று தொகுத்து, ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு சந்தேக மதிப்பெண் போட்டு விற்கிறார்கள். இதோடு சின்னச் சின்னத் துப்புகளும் சேரும். ஐபி முகவரி ஒரு நாட்டைக் காட்ட, பிரவுசரின் கடிகாரம் வேறொரு நேர மண்டலத்தில் ஓடினால் மதிப்பெண் ஏறும். விபிஎன்னுக்குள் போகும் தரவுப் பொட்டலங்கள் வழக்கத்தைவிடச் சற்றுச் சிறியவை; அதையும் கவனிப்பவர்கள் உண்டு. கடைசியில் மூன்றில் ஒன்று நடக்கும்: உள்ளே விடுவது, கேப்சா என்ற அந்தக் கட்டம் தேர்ந்தெடுக்கும் புதிரைக் காட்டுவது, கதவைச் சாத்துவது.

வருகிறவரின் அடையாளத்தை மறைக்கும் வலையமைப்பான டோர் விஷயத்தில் இந்தத் துப்பறியும் வேலையே தேவையில்லை. டோர் வலையமைப்பில் ஒரு கோரிக்கை வழக்கமாக ரிலே எனப்படும் 3 இடைநிலை சர்வர்களைத் தாண்டி வெளியே வருகிறது. தளத்துக்குத் தெரிவது கடைசி ரிலேயின் முகவரி. அந்தக் கடைசி ரிலேக்களின் முழுப் பட்டியலையும் டோர் அமைப்பே பொதுவில் வெளியிடுகிறது. கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் டோர் மறைக்க நினைப்பது வருகிறவர் யார் என்பதைத்தான். அவர் டோர் வழியாக வருகிறார் என்பதை மறைப்பதாக அது சொல்லிக்கொண்டதே இல்லை. டோர் பயனர்கள் வேண்டாம் என்று நினைக்கும் தளத்துக்கு அந்த முடிவை எடுக்கும் உரிமை இருக்கட்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசு, ஒற்றை வரி விதியில் மொத்தமாக வெளியே தள்ளப்படுவது.

இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. உலகின் முதல் 1,000 தளங்களில் குறைந்தது 3.67 சதவீதம் டோர் பயனர்களுக்கு மட்டும் மறுப்புப் பக்கத்தையோ கேப்சாவையோ காட்டின. அதைவிடக் கடுமையான இன்னொரு வகையும் இருந்தது. மற்றவர்களுக்குப் பதில் சொல்லும் குறைந்தது 13 லட்சம் ஐபி முகவரிகள், டோரிலிருந்து அழைத்தால் இணைப்பை ஏற்கவே இல்லை. இந்த இரண்டாவது வகையில் மறுப்புப் பக்கம்கூட வராது. தளமே செத்துக் கிடக்கிறது என்றுதான் வந்தவர் நினைத்துக்கொள்வார்.

தளங்களுக்கும் வலி உண்டு

தளம் நடத்துபவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் கதை வேறு. எங்கோ திருட்டுப்போன லட்சக்கணக்கான கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவு பகல் பாராமல் வருகின்றன. திருடிய அட்டை எண்கள் வேலை செய்கின்றனவா என்று சின்னத் தொகைக்குச் சோதித்துப் பார்ப்பவர்கள் வருகிறார்கள். கருத்துப் பெட்டி முழுக்க ஸ்பேம் கொட்டுகிறது. கடந்த சில ஆண்டுகளாக, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி தேடித் தளம் தளமாகச் சுரண்டும் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) வேறு சேர்ந்துகொண்டன. இவை சிறிய தளங்களின் சர்வரைப் படுக்க வைத்துவிடுகின்றன. 2025 ஜூலையில், தளங்களுக்கு முன்னால் நின்று காவல் காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களுக்கு இத்தகைய பாட்களைத் தடுப்பதை இயல்புநிலை ஆக்கியது என்றால் தொல்லை எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று யூகிக்கலாம்.

இந்தத் தாக்குதல்களில் ஒரு பங்கு விபிஎன் வழியாகவும் டோர் வழியாகவும் வருவது உண்மை. நள்ளிரவில் தளம் திணறும்போது நிர்வாகி வருகைகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறக்கிறார். ஒரே முகவரித் தொகுதியிலிருந்து கோரிக்கைகள் கொட்டுகின்றன. அந்தத் தொகுதியைத் தடுத்தவுடன் தளம் மூச்சு விடுகிறது. அவரும் தூங்கப் போகிறார். அந்த முடிவில் தப்பே இல்லை. தப்பு அப்புறம்தான் வருகிறது: அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தாக்கியவன் மறுநாளே வேறு முகவரிக்குப் போயிருப்பான். விதி மட்டும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும், போட்டவர் வேலையை விட்டுப் போன பிறகும்.

ஒரு விஷயத்தை இங்கேயே பிரித்து வைத்துவிடுகிறேன். திரைப்படம், தொடர்கள் காட்டும் தளங்கள் விபிஎன்னைத் தடுப்பது வேறு வழக்கு. ஒரு படத்தின் உரிமம் நாடு நாடாக விற்கப்படுவதால், பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே அங்கே கேள்வி. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இதை வெளிப்படையாக அறிவித்துத்தான் தடுக்கத் தொடங்கியது. அது பிடிக்கிறதோ இல்லையோ, அங்கே விபிஎன்தான் குறி. நாம் பேசுவது விபிஎன் குறியே அல்லாத இடங்களைப் பற்றி. பாட்களைத் தேடிப்போய் மனிதரை அடிக்கும் கதை இது.

94 சதவீதம் என்ற எண்

இந்த விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் ஒன்று உண்டு. டோர் வழியாகத் தங்களிடம் வரும் கோரிக்கைகளில் 94 சதவீதம் தீய நோக்கம் கொண்டவை என்று கிளவுட்ஃபிளேரின் தலைமை நிர்வாகி மேத்யூ பிரின்ஸ் 2016இல் எழுதினார். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று டோர் தரப்பு அப்போதே கேள்வி எழுப்பியது. அந்தச் சண்டைக்குள் போகாமல், எண் சரியென்றே வைத்துக்கொள்வோம். அது எதை எண்ணுகிறது என்று மட்டும் பார்ப்போம்.

ஒரு தளத்துக்கு டோர் வழியாக 100 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 30 கோரிக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,000. அதே நாளில் ஒரே ஓர் ஆசாமி ஒரு பாட் நிரலை ஓடவிட்டு 47,000 கோரிக்கைகள் அனுப்புகிறான். கூட்டினால் 50,000, அதில் 94 சதவீதம் தீயவை. ஆட்களை எண்ணினாலோ 101 பேரில் ஒருவன்தான் கெட்டவன். 94 சதவீதக் கோரிக்கைகள் என்பது 94 சதவீத மனிதர்கள் ஆகிவிடாது. ஆனால் தடை விழுவது 101 பேர் மீதும்.

என் கணக்கு கற்பனைதான். அதன் போக்கு கற்பனை இல்லை. 2017இல் டோர் வெளியேறும் ரிலேக்களை ஆராய்ந்த இன்னொரு குழு, அங்கிருந்து வரும் தாக்குதல்களில் பெரும்பாலானவை ஏராளமான போக்குவரத்தை உண்டாக்குபவை என்று கண்டது. அதாவது தாக்குபவன் அமைதியாக வருவதில்லை, ஆர்ப்பாட்டமாக வருகிறான். ஆர்ப்பாட்டத்தை வேகத்தை வைத்தே பிடிக்கலாம். முகவரியைப் பார்த்து முடிவு கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு முகவரி, எத்தனை பேர்?

முகவரியும் ஆளும் ஒன்று என்ற நினைப்பு இணையம் சிறியதாக இருந்த காலத்தின் மிச்சம். ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் சாத்தியமான முகவரிகளே ஏறக்குறைய 429 கோடிதான். உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு, ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது மொபைல் நிறுவனங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. விபிஎன் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவர், முகம் தெரியாத பக்கத்து வாடிக்கையாளர் செய்த குறும்புக்காகக் கேப்சாவில் மாட்டுவது இதனால்தான்.

இதன் உச்சம் 2007 புத்தாண்டு வாக்கில் நடந்தது. தொல்லை தந்த ஒரு முகவரியை ஆங்கில விக்கிப்பீடியாவில் தடுத்தார்கள். பார்த்தால், கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே முகவரி வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. தடையை உடனே நீக்கினார்கள். நாடு என்பதால் சத்தம் வெளியே கேட்டது. ஒரு விபிஎன் சர்வருக்குப் பின்னால் இருக்கும் சில நூறு பேர் தடுக்கப்பட்டால் செய்தி ஆகாது.

சரி, இத்தனை பேரைச் சிரமப்படுத்தியாவது கெட்டவர்கள் பிடிபடுகிறார்களா? சில்லறைத் தொல்லைகள் குறையும்; அதை மறுப்பதற்கில்லை. காசு உள்ள குற்றவாளி மட்டும் இந்த வலையில் விழமாட்டான். அவன் வாங்குவது வீட்டு முகவரிகளை. ரெசிடென்ஷியல் பிராக்ஸி என்ற பெயரில் இதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. யாரோ ஒருவர் இலவசமாகக் கிடைத்த செயலியை நிறுவுவார். அவர் வீட்டு இணைப்பு அவருக்கே தெரியாமல் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கும். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பில் 1.9 கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன. கிட்டத்தட்ட 200 நாடுகளின் வீட்டுக் கணினிகள் அவை. அவற்றில் பல, இலவச விபிஎன் என்று நம்பி நிறுவிய செயலிகள் வழியாகத்தான் அதில் சேர்ந்தன. இந்த முகவரிகளில் ஒன்றிலிருந்து வரும் மோசடிக்காரனைத் தளத்தின் சோதனை 'வீட்டு இணைப்பு, நல்லவர்' என்று வரவேற்றிருக்கும். பணம் கட்டி நேர்மையான விபிஎன் வாங்கியவரை அதே சோதனை வாசலில் நிறுத்தும்.

கணக்கில் வராத நஷ்டம்

இந்தத் தடைகள் நீடிக்க முக்கியக் காரணம், அவற்றால் வரும் நஷ்டம் நிர்வாகியின் திரையில் தெரியாததுதான். தடுக்கப்பட்ட கோரிக்கைகள் எல்லாம் 'முறியடிக்கப்பட்ட அச்சுறுத்தல்கள்' என்ற தலைப்பில் வரைபடமாக ஏறும். அதில் எத்தனை பேர் பொருள் வாங்க வந்தவர்கள், எத்தனை பேர் மருத்துவத் தகவல் தேடி வந்தவர்கள் என்று எந்த வரைபடமும் காட்டாது. அலுவலகத்தின் கட்டாய விபிஎன்னுக்குள் இருப்பவர், விமான நிலைய வைஃபையை நம்பாதவர், தணிக்கை உள்ள நாட்டில் இருப்பவர், தான் எங்கே இருக்கிறோம் என்று முன்னாள் துணைக்குத் தெரியக்கூடாது என்று அஞ்சுபவர், எல்லோரும் அந்த ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். புகார் சொல்லலாம் என்றால், புகார் படிவமும் அதே தடைக்குப் பின்னால்தான் இருக்கிறது!

தடுக்கப்பட்டவர்கள் உள்ளே வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பொதுவாக இதற்குப் பதில் கிடைக்காது. தற்செயலாக ஓரிடத்தில் கிடைத்தது. விக்கிப்பீடியாவை டோர் வழியாகப் படிக்கலாம், திருத்த முடியாது. ஆனால் அந்தத் தடையில் ஓட்டைகள் இருந்தன. 2007க்கும் 2018க்கும் இடையே டோர் பயனர்கள் செய்த 11,363 திருத்தங்கள் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குள் நழுவி வந்துவிட்டன. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி எடுத்து, கணக்கு இல்லாமல் திருத்துபவர்கள், புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்கள் ஆகியோரின் திருத்தங்களோடு ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். பங்களிப்பின் தரம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. டோரில் வந்தவர்கள் மற்ற புதியவர்களைவிடத் தனியாக ஒரு கெட்ட கூட்டம் இல்லை. விக்கிப்பீடியாவுக்கு ஒரே ஆள் பல பெயரில் வந்து வாக்கெடுப்பைக் குலைப்பது போன்ற வேறு கவலைகளும் உண்டு, அவை நியாயமானவை. ஆனாலும் 'அநாமதேயர் என்றால் நாசக்காரர்' என்ற எளிய சமன்பாடு அந்த ஆய்வில் நிற்கவில்லை.

கேப்சா ஏன் நடுவழித் தீர்வாகவில்லை

முழுவதும் தடுக்காமல் ஒரு புதிர் போட்டுவிட்டால் மனிதர் உள்ளே வந்துவிடுவார், பாட் நின்றுவிடும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது: பெரும்பாலான கேப்சா வகைகளில் பாட்கள் மனிதரைவிட வேகமாகவும் துல்லியமாகவும் விடை தருகின்றன. இதைத் தவிர, புதிரைக் காசுக்கு ஆள் வைத்துத் தீர்த்துக்கொடுக்கும் சேவைகள் வேறு.

அநாமதேயக் கருவி வைத்திருப்பவருக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. புதிரைத் தீர்த்தவர் இவர் என்பதைத் தளம் பிரவுசரில் வைக்கும் குக்கி என்ற சிறு குறிப்பில்தான் நினைவு வைத்துக்கொள்கிறது. டோர் பிரவுசரோ மூடும்போதே குக்கிகளை அழித்துவிடும். பயனர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு முறையும் அவர் புது ஆள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து மிதிவண்டி, படிக்கட்டு. பாதுகாப்பை உச்சத்தில் வைத்தால், பக்கத்துக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் ஓடாது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் இன்றைய சோதனைகளில் பலவும் வெற்றுப் பக்கமாக நின்றுவிடும். அடையாளத்தை மறைப்பதையே வேலையாகக் கொண்ட கருவியிடம் அடையாளத்தைக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

வேறு வழிகள்

இருக்கின்றன, சில பத்தாண்டுப் பழையவைகூட. 1980களின் தொடக்கத்தில் குறியாக்க ஆய்வாளர் டேவிட் சாம் முன்வைத்த குருட்டுக் கையொப்பம் என்ற யோசனை அதில் ஒன்று. உள்ளே கார்பன் தாள் வைத்து ஒட்டிய உறைமேல் கையெழுத்துப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். போடுபவருக்கு உள்ளே இருக்கும் சீட்டு தெரியாது; ஆனால் கையெழுத்து சீட்டில் பதிந்துவிடும். பிறகு சீட்டை வெளியே எடுத்துக் காட்டினால் கையெழுத்து உண்மை என்று நிரூபிக்கலாம், அது எந்த உறைக்குள் இருந்தது என்று போட்டவராலும் சொல்ல முடியாது. பிரைவசி பாஸ் என்ற முறை இந்தத் தத்துவத்தில் இயங்குகிறது. ஒருமுறை மனிதர் என்று நிரூபித்தால் ஒரு கட்டு டோக்கன்கள் கிடைக்கும். அடுத்தடுத்த தளங்களில் ஆளுக்குப் பதிலாக டோக்கனைக் காட்டலாம். 2017இல் பிரவுசர் நீட்சியாக வந்தது, 2024 ஜூனில் இணையத் தரநிலை ஆவணங்களாகவும் வெளியாகிவிட்டது.

நான் இதை வரவேற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. டோக்கனை யார் கொடுப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 2022இல் ஆப்பிள் தன் கருவிகளில் கொண்டுவந்த வடிவத்தில், கருவி அசல் என்று ஆப்பிளே உறுதி சொல்கிறது. ஐபோன் வைத்திருப்பவருக்குப் புதிர் வராது; பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருப்பவர் வழக்கம்போல மிதிவண்டி எண்ண வேண்டும். முகவரியை வைத்து ஆளைப் பிரித்தது போய், கருவியின் பிராண்டை வைத்துப் பிரிக்கும் நிலை வந்தால் அது முன்னேற்றம்தானா?

இன்னொரு வழி, டோர் பயனருக்குத் தனி வாசல் வைப்பது. பேஸ்புக் 2014இல் தனக்கென ஓர் ஆனியன் முகவரி, அதாவது டோருக்குள் மட்டும் திறக்கும் முகவரி தொடங்கியது. 2016 ஏப்ரலில் மாதத்துக்கு 10 லட்சத்துக்கும் அதிகமானோர் டோர் வழியாக வருவதாக அறிவித்தது. பிபிசியும் 2019இல் அப்படி ஒரு முகவரி தொடங்கியது. 94 சதவீதம் என்று சொன்ன கிளவுட்ஃபிளேரே 2018இல் தன்னிடம் உள்ள தளங்களுக்கு ஆனியன் சேவை வசதியைத் தந்தது. வருகிறவரின் பிரவுசரையே ஒரு சின்னக் கணக்குப் போட வைக்கும் முறையும் இருக்கிறது: ஒரு பக்கம் படிப்பவருக்கு அரை விநாடி, லட்சம் பக்கம் சுரண்டுபவனுக்குப் பெரிய மின்கட்டணம். டோர் தன் ஆனியன் சேவைகளுக்கு 2023இல் இதைச் சேர்த்தது.

இவை எதுவும் கைக்கு எட்டாத சிறிய தளத்துக்கும் ஒரு காரியம் எளிது: படிப்பதையும் எழுதுவதையும் பிரிப்பது. கட்டுரை படிக்க, விலை பார்க்க, உதவிப் பக்கம் திறக்க வருபவரால் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. அங்கே வேகக் கட்டுப்பாடு ஒன்று போதும். கணக்குத் தொடங்கும்போது, பணம் கட்டும்போது, கருத்து எழுதும்போது கெடுபிடி காட்டட்டும். முன்வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தும் தளங்களில் பாதி இதை யோசித்தே பார்த்திருக்காது என்பது என் ஊகம்.

மாட்டிக்கொண்டவர் என்ன செய்யலாம்? விபிஎன் செயலியில் வேறு சர்வருக்கு மாறினால் பல நேரம் வேலை முடிந்துவிடும். மோசமான பெயர் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் இருக்கலாம். குறிப்பிட்ட தளத்தை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடும் வசதி பல செயலிகளில் உண்டு. யாரிடமிருந்தும் ஒளிய வேண்டிய தேவை இல்லாதவருக்கு அது போதும். தேவை உள்ளவரிடம் 'அணைத்துவிட்டு வாருங்கள்' என்பது ஆலோசனையே அல்ல. மறுப்புப் பக்கத்தின் அடியில் நீளமான ஓர் அடையாள எண் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். எந்த விதி தடுத்தது என்பதை நிர்வாகி அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியும். தான் அப்படி ஒரு விதி போட்டதே பலருக்கு நினைவிருக்காது.

நிர்வாகிக்கோ இன்னும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கிளவுட்ஃபிளேரின் அமைப்பில் டோர் ஒரு தனி நாடு மாதிரி. டி1 என்று அதற்கு நாட்டுக் குறியீடே உண்டு. ஃபயர்வால் எனப்படும் மற்ற தடுப்பு அமைப்புகளிலும் டோர், விபிஎன் போக்குவரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். தடை விதியை ஒரு வாரத்துக்குப் பதிவு மட்டும் செய்யும் நிலையில் வைத்துவிட்டு, யார் யார் அதில் விழுகிறார்கள் என்று பார்க்கலாம். எந்தப் பக்கத்தைத் தேடி வந்தார்கள், நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை அனுப்பினார்கள், முக்கியமாக, அவர்களில் எத்தனை பேரிடம் அந்தத் தளமே கொடுத்த லாகின் குக்கி இருந்தது என்று.